கறுப்புக் கட்டை செய்த குற்றம்

வீட்டில் பிள்ளைகள் வாசிக்கிற கீபோர்டு இருக்கிறதா? இருந்தால் கொஞ்சம் அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள். பயப்பட வேண்டாம், இது பாட்டு கிளாஸ் இல்லை. ஆனால் பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் தாண்டாமல் நான் கேட்க வந்த கேள்விக்கு வர முடியாது.

வெள்ளைக் கட்டைகள் வரிசையாக இருக்கின்றன. நடுநடுவே இரண்டும் மூன்றுமாகக் கறுப்புக் கட்டைகள். ஒரு ஸ்தாயிக்கு ஏழு வெள்ளை, ஐந்து கறுப்பு. ஆக மொத்தம் பன்னிரண்டு ஒலிகள். அடுத்தடுத்த இரண்டு ஒலிகளுக்கு நடுவே உள்ள தூரம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். வெள்ளைக்கும் அதையொட்டிய கறுப்புக்கும் நடுவில் எவ்வளவோ, நடுவில் கறுப்பே இல்லாமல் ஒட்டி நிற்கிற இரண்டு வெள்ளைக்கு நடுவிலும் அவ்வளவே. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒற்றை ஒலியாக வாசித்தால் எது கறுப்பு, எது வெள்ளை என்று உங்களால் சொல்ல முடியாது.

ஆனால் பெயர் வைத்தபோது மட்டும் பாருங்கள், என்ன நடந்திருக்கிறது என்று.

வெள்ளைகளுக்கு ஏ, பி, சி, டி என்று சொந்தப் பெயர் உண்டு. அவற்றுக்குப் பட்டம் ‘நேச்சுரல்’. இயல்பானவை. கறுப்புக்குச் சொந்தப் பெயரே கிடையாது. சி-க்கு அரைப்படி மேலே இருப்பதால் ‘சி ஷார்ப்’. அதே கட்டை டி-க்கு அரைப்படி கீழே இருப்பதால் ‘டி ஃப்ளாட்’. இன்னார் மகள், இன்னார் பெண்டாட்டி என்று மட்டுமே ஊரில் அறியப்படுகிற பெண்மணி மாதிரி. ஷார்ப் என்றால் கூட, ஃப்ளாட் என்றால் குறைய. எதைவிடக் கூட, எதைவிடக் குறைய? பக்கத்து வெள்ளையைவிட.

நம் வித்வான்களின் பேச்சு வழக்கும் இதில் சளைத்ததில்லை. சி என்பது ஒரு கட்டை, டி இரண்டு கட்டை, நடுவில் உள்ள கறுப்பு ஒன்றரைக் கட்டை. வெள்ளையெல்லாம் முழு எண், கறுப்பெல்லாம் அரை. ஒட்டி நிற்கிற மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்பு இல்லை, அதனால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. ஏழரையும் கிடையாது. (அது சனி பகவானிடம் இருக்கிறது.)

இன்னும் ஒரு வேடிக்கை. ஸ்டாஃப் நொட்டேஷனில் நேச்சுரலுக்கென்று ஒரு குறி உண்டு. அந்தக் குறியை எப்போது போடுவார்கள் தெரியுமா? ஏற்கெனவே ஷார்ப்போ ஃப்ளாட்டோ ஆக்கிய ஸ்வரத்தை மறுபடி பழைய இடத்துக்குக் கூப்பிடும்போதுதான். யாராவது விலகிப் போகாதவரை ‘இயல்பு’ என்று எழுதிக் காட்டவேண்டிய தேவையே வருவதில்லை. டி மேஜர் என்ற ஸ்கேலில் எஃப் ஷார்ப்தான் வீட்டுப் பிள்ளை. அங்கே எஃப் நேச்சுரல் வந்தால் அதுதான் விருந்தாளி, அதற்குத்தான் தனியாகக் குறி போட்டாகவேண்டும். இயல்பு என்கிற பட்டம் போட்டவரே அந்த வீட்டில் விதிவிலக்கு!

சரி, ஏழு கட்டைகளுக்கு மட்டும் இயல்பு என்ற பட்டத்தைக் கொடுத்தது யார்?

எந்த ஞானியும் உட்கார்ந்து யோசித்துக் கொடுக்கவில்லை. ஐரோப்பாவின் மாதா கோயில் பாடல்களில் நடந்த கதை இது. இடைக்காலத்தில் பி என்ற ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலிகள் இருந்தன. அரைப்படி தாழ்ந்ததை வட்ட பி-யாக எழுதினார்கள். உயர்ந்ததைச் சதுர பி-யாக எழுதினார்கள். மென்மையான பி, கடினமான பி. அவ்வளவுதான், இரண்டுமே பி-தான். பிற்காலத்தில் வட்ட பி-யிலிருந்து ஃப்ளாட் குறி பிறந்தது. சதுர பி-யிலிருந்து நேச்சுரல் குறி, ஷார்ப் குறி இரண்டும் பிறந்தன. ஜெர்மன்காரர்கள் இன்றுவரை தாழ்ந்ததைத்தான் ‘பி’ என்கிறார்கள். மற்றதற்கு ‘எச்’ என்று பெயர். அதனால்தான் பாஹ் என்ற இசைமேதை தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஸ்வரங்களாகவே தன் ஃப்யூக் ஒன்றில் வைக்க முடிந்தது. லண்டனில் ஃப்ளாட் என்று பெயர் வாங்கியது, லைப்ஸிக்கில் எந்த ஒட்டும் இல்லாத வெறும் பி.

அவ்வளவு தூரம் எதற்கு? நம்ம திருநெல்வேலியிலேயே பார்க்கலாம்.

சுலோச்சன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டு, 1843-இல் திறந்த பாலத்தைத் தாண்டினால் இந்தப் பக்கம் பாளையங்கோட்டை. ஊசிக் கோபுரம், பெரிய பெரிய பள்ளிக்கூடங்கள், ஞாயிற்றுக்கிழமையானால் நாலு குரலில் பிரித்துப் பாடும் பாட்டுக் குழுக்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுன். நெல்லையப்பர் கோயில், ரத வீதிகள், நாகஸ்வரம். பாளையங்கோட்டையில் கீபோர்டு படிக்கப் போகிற பிள்ளைக்கு முதல் பாடம் சி மேஜர். எட்டு விரல் அழுத்தலும் வெள்ளையில்தான். கறுப்பைத் தொடவே வேண்டாம். டவுனில் பாட்டுப் படிக்கப் போகிற பிள்ளைக்கு முதல் பாடம் ஸரளி வரிசை, மாயாமாளவகௌளை. அதே சி-யை ஸட்ஜமாக வைத்து அதைக் கீபோர்டில் வாசித்தால் ரிஷபம் கறுப்பு, தைவதமும் கறுப்பு. முதல் நாளே இரண்டு ‘அரைக் கட்டை’களோடு அந்தப் பிள்ளைக்குப் பழக்கமாகிவிடுகிறது. இதில் எந்தப் பிள்ளை கோணலாக ஆரம்பித்தது?

அந்த மாயாமாளவகௌளை ரிஷபத்துக்கு நாம் வைத்திருக்கிற பெயரைக் கேளுங்கள். ‘சுத்த ரிஷபம்’. பாலத்துக்கு அந்தப் பக்கம் சுத்தம், இந்தப் பக்கம் ஃப்ளாட். சரி, அது வெள்ளைக்காரன் கணக்கு என்பீர்கள். காசிக்குப் போங்கள். அங்கே அதே ஒலிக்குப் பெயர் ‘கோமள ரே’, மென்மையாகத் தாழ்ந்தது. அவர்களுடைய ‘சுத்த ரே’, நாம் சதுச்ருதி ரிஷபம் என்று சொல்வது. சுத்தம் என்ற சொல் ஒன்றுதான். தெற்கே ஒரு ஒலிக்கு, வடக்கே பக்கத்து ஒலிக்கு. இரண்டு பக்கமும் அவரவர் நம்பிக்கையோடு ‘இதுதான் சுத்தம்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

கர்னாடக சங்கீதத்தில் ஒரே கட்டைக்கு இரண்டு பெயர் என்பது விதியாகவே இருக்கிறது. பன்னிரண்டு இடங்கள், பதினாறு பெயர்கள். 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி 72 மேளங்களைக் கணக்குப் போட்டது இப்படி ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் கொடுக்கிற ஏற்பாட்டை வைத்துத்தான். சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு இரண்டரைக் கட்டையை அழுத்துங்கள். நாட்டை ராகத்தில் வந்தால் அது ரிஷபம். ஆபேரியில் வந்தால் அதுவே காந்தாரம். கட்டை நகரவில்லை. கூட வந்தவர்கள் மாறினார்கள், பெயர் மாறிவிட்டது. ஆனாலும் இங்கே ஒரு நாகரிகம் இருக்கிறது, கவனித்தீர்களா? ரிஷபமாக இருக்கும்போது அது முழு ரிஷபம். காந்தாரமாக இருக்கும்போது முழு காந்தாரம். யாருக்கும் ஒண்டுக் குடித்தனம் இல்லை.

நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்து இசைத்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் பெரிய தூண், சுற்றிலும் அதே கல்லிலிருந்து பிரித்துச் செதுக்கிய சிறு தூண்கள். தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு ஒலி. எல்லாம் ஒரே நிறக் கல். அதில் எது நேச்சுரல், எது ஷார்ப் என்று சிற்பி எழுதி வைக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. பி.காம். படித்தவன் வேறு எப்படிச் சொல்வேன்?

ஸட்ஜமத்தின் அதிர்வு நொடிக்கு 240 என்றால் பஞ்சமத்தின் அதிர்வு 360. ஒன்றரை மடங்கு. இது யாரும் சட்டம் போட்டுச் செய்ததில்லை, தந்தியும் காற்றும் தாமாகவே ஒத்துப்போகிற இடம். இப்படிப் பஞ்சமத்துக்குப் பஞ்சமம், அதற்குப் பஞ்சமம் என்று பன்னிரண்டு தடவை ஏறினால் பன்னிரண்டு ஒலிகளும் கிடைத்து, ஏழு ஸ்தாயி தாண்டிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரவேண்டும். வந்து சேருகிறதா? ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75. ஏழு ஸ்தாயி என்றால் இரண்டை ஏழு முறை பெருக்கவேண்டும்: 128. ஒன்றே முக்கால் இடிக்கிறது! டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை. டேலி ஆகாவிட்டால் கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவார். கீபோர்டு செய்கிறவர்கள் அந்த வித்தியாசத்தைப் பன்னிரண்டு இடைவெளிக்கும் சமமாகப் பங்கு போட்டுவிட்டார்கள். அதனால்தான் சி ஷார்ப்பும் டி ஃப்ளாட்டும் ஒரே கட்டை. வயலினில் நல்ல காதுள்ளவர் வாசித்தால் இரண்டும் துளி விலகி நிற்கும்.

இந்தப் பங்கீட்டில் வெள்ளைகளும் தப்பவில்லை. ஸட்ஜமத்தைப் போல ஒன்றேகால் மடங்கு, அதாவது 1.25, அந்தர காந்தாரத்தின் இனிமையான இடம். கீபோர்டில் அது 1.26. நேச்சுரல் என்று பட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கட்டையே இயற்கையான இடத்தில் இல்லை. வியாபார வசதிக்காகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கணக்கோடு ஆயுசு முழுக்க மல்லுக்கு நின்றவர் நம்ம சீமைக்காரர் ஒருவர். ஆபிரகாம் பண்டிதர். 1859-இல் சாம்பவர்வடகரையில் பிறந்தவர். அன்றைக்குத் திருநெல்வேலிச் சீமை, இன்றைக்குத் தென்காசி மாவட்டம். தஞ்சாவூரில் சித்த வைத்தியம் பார்த்துச் சம்பாதித்ததைச் சங்கீத மாநாடுகளுக்குச் செலவழித்தார். ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்று பழைய சமஸ்கிருத நூல்களை வைத்துச் சொல்லிவந்ததை ஏற்க மறுத்தார். சிலப்பதிகாரத்தை வைத்துக்கொண்டு, 24 சுருதி, அதுவும் சமமான 24 என்று வாதாடினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய மாநாட்டுக்குத் தன் பெண்களை அழைத்துக்கொண்டு போய், பாடிக் காட்டச் சொன்னார். அடுத்த வருஷம் ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. தூக்கிப் பார்த்தால் கை வலிக்கிற புத்தகம்.

சமமாகத்தான் பிரியவேண்டும் என்று அவர் பிடித்த பிடிவாதம் எனக்கு உடன்பாடில்லை. காது அவ்வளவு ஒழுங்கான பிராணி இல்லை. தோடி ராகத்துக் காந்தாரத்தை எந்தக் கட்டையில் அடைப்பீர்கள்? அது ஆடிக்கொண்டே இருக்கிற ஸ்வரம். இதைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தையே வாசலுக்கு வெளியே நிறுத்தியது. மறுபடி உள்ளே வர 1971 ஆயிற்று. ஆனால் பண்டிதர் கேட்ட கேள்வி பெரிய கேள்வி. ‘இதுதான் அளவு என்கிறீர்களே, அளவுகோல் யாருடையது? காட்டுங்கள், அளந்து பார்க்கிறேன்’ என்பதுதான் அது. வைத்தியர் ஒருவர் வித்வான்களைப் பார்த்து இப்படிக் கேட்பதற்குத் தைரியம் வேண்டியிருந்தது.

இப்போது ஆற்றோடு மேற்கே போகலாம். அம்பாசமுத்திரம் போகிற ரயிலில் சேரன்மகாதேவிக்கு அடுத்து வருவது காருக்குறிச்சி. மண்பானைக்குப் பேர்போன ஊர். அதைவிடப் பெரிய பேர், 1964-இல் காலமான நாகஸ்வர மேதை காருக்குறிச்சி அருணாசலத்தால் வந்தது. 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு அவருடைய நாகஸ்வரம் போட்டி போடுகிற ‘சிங்கார வேலனே’ பாட்டைக் கேட்காத தமிழர் குறைவு. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை. ராகம் ஆபேரி.

அந்த ஆபேரியில் ஒரு வழக்கு இருக்கிறது. நாம் எல்லோரும் அறிந்த ஆபேரிக்கு சதுச்ருதி தைவதம். கீபோர்டில் வெள்ளைக் கட்டை. ஆனால் முத்துசுவாமி தீட்சிதர் வழியில் ஆபேரிக்கு சுத்த தைவதம், அதாவது அரைப்படி கீழே உள்ள கறுப்பு. தியாகராஜரின் ‘நகுமோமு’ கீர்த்தனையை இன்றைய தைவதத்தோடு ஊரெல்லாம் பரப்பியதில் முசிறி சுப்பிரமணிய ஐயருக்குப் பெரிய பங்கு உண்டு என்பார்கள். இன்றைக்கு நாம் ஆபேரி என்பதை முன்பு கர்னாடக தேவகாந்தாரி என்று அழைத்ததும் உண்டு. காருக்குறிச்சியிலிருந்து அதே ரயில் பாதையில் வீரவநல்லூரைத் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி. தீட்சிதர் கீர்த்தனைகளைப் பாடம் பிசகாமல் காத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். ஒரே ஆறு, ஒரே தண்டவாளம். ஒரு ஸ்டேஷனில் ஆபேரி என்றால் கறுப்பு, மற்றொன்றில் வெள்ளை.

யார் சரி? பாடம் காத்தவர்கள் சரி என்றால், லட்சக்கணக்கான ஜனம் ஐம்பது, அறுபது வருஷமாக மெய்மறந்து கேட்டது தப்பா? ஜனம்தான் சரி என்றால், காத்தவர்கள் காத்தது வீணா? இரண்டையும் கேட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டும் ராகம்தான். அரைப்படி மாறியதும் வேறு முகம் வருகிறது, குறைந்த முகம் வரவில்லை. சண்டை ஒலியில் இல்லை. எதற்கு அந்தப் பெயரின் பட்டா என்பதில்தான் சண்டை.

‘என்னவே, சங்கீதத்தை விட்டு வெளிய வரமாட்டீரா?’ என்று ஒரு நெல்லை வாசகர் கேட்பது காதில் விழுகிறது. வந்துவிட்டேன் ஐயா.

அந்த ‘வே’யையே எடுத்துக்கொள்ளுங்கள். சமவயதுக்காரர்கள் மரியாதையும் உரிமையும் கலந்து கூப்பிடுகிற சொல். ‘அவிய வந்தாவ’ என்பதில் உள்ள பன்மை மரியாதையை வேறு வட்டாரத்தில் தேடவேண்டும். ஆனால் சினிமாவில் இந்தப் பேச்சு வந்தால் ஒன்று, அரிவாளோடு வரும். இல்லையென்றால் சிரிப்பதற்கு வரும். சென்னைக்கு வேலைக்குப் போன நெல்லைப் பையனிடம் ‘உங்க ஸ்லாங் ஜாலியா இருக்கு’ என்பார்கள். நல்ல மனசோடுதான் சொல்வார்கள். சொல்கிறவருக்குத் தன் பேச்சும் ஒரு ஸ்லாங் என்பது மட்டும் ஒருநாளும் தோன்றாது. அவர் பேசுவது நேச்சுரல். இவன் பேசுவது கொஞ்சம் ஷார்ப்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இது. ஆனால் எல்லா இடத்திலும் சிரித்துவிட்டுப் போக முடிவதில்லை. 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு, ‘இயற்கையின் ஒழுங்குக்கு எதிரான’ உறவு குற்றம் என்றது. அந்த ஒழுங்கு எது, அதை யார் அளந்தார்கள் என்று பிரிவில் ஒரு வரி இல்லை. மனமொத்த பெரியவர்கள் இருவர், ஒரே பாலினத்தவர் என்பதற்காகக் குற்றவாளிகள் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பரில். நடுவில் 158 வருஷம்.

ஸ்டாஃப் நொட்டேஷனில் இன்னோர் ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனியாக ஷார்ப் போடுவது சிரமம் என்று, வரியின் தொடக்கத்திலேயே ஒரு குறி போட்டுவிடுவார்கள். எஃப்-புக்கான கோட்டில் அந்தக் குறி இருந்தால், அந்த வரியில் வருகிற அத்தனை எஃப்-பும் ஷார்ப். எங்கே வருகிறது, என்ன செய்கிறது என்று ஒன்று ஒன்றாகப் பார்க்க வேண்டாம். தலைவாசலில் முத்திரை குத்தியாயிற்று. சங்கீதத்தில் இது அருமையான வசதி.

நம் பள்ளிக்கூடங்களிலும் இந்த வசதியைச் சிலர் கண்டுபிடித்தார்கள். பையன்கள் மணிக்கட்டில் கலர் கலராகக் கயிறு. இன்ன நிறம் என்றால் இன்ன சாதி. பெயர் கேட்க வேண்டாம், குணம் பார்க்க வேண்டாம். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பட்டியலினத்து மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, கயிறு, மோதிரம் மாதிரி சாதி காட்டும் அடையாளங்களைப் பள்ளிகளில் தடை செய்யச் சொன்னது. தடை வேண்டியதுதான். ஆனால் கயிறு இல்லாமலே அந்தக் குறியைப் படிக்கத் தெரிந்த கண்கள் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இருக்கிறது. பையன்கள் அதை எங்கிருந்து கற்றிருப்பார்கள்?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். ‘எல்லாம் அவரவர் அளவுகோல்தான் என்றால், அபஸ்வரம் என்று ஒன்றே இல்லையா? எவன் எதைப் பாடினாலும் சரியா?’

இல்லை. கண்டிப்பாக இல்லை. அபஸ்வரம் இருக்கிறது, அரைப் பாட்டில் எழுந்து ஓடவைக்கிற அளவுக்கு இருக்கிறது. இந்த இடத்தில்தான் ஸட்ஜமம் வருகிறது. நம் சங்கீதத்தில் ஸட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் மட்டும் இரண்டாவது வகை கிடையாது. ஷார்ப்பும் இல்லை, ஃப்ளாட்டும் இல்லை. மற்ற ஐந்தும் வளையும். ஆனால் எந்த ஒலியை ஸட்ஜமமாக வைத்துக்கொள்வது என்பது முழுக்க உங்கள் விருப்பம். ஒரு கட்டையில் பாடுகிறவரை ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவர் தாழ்ந்தவர் என்று சொல்வதில்லை. குரல் எங்கே நிற்கிறதோ அங்கே வைத்துக்கொள்ளலாம். நாலரைக் கட்டையை ஸட்ஜமமாக வைத்துக் கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்துப் பாருங்கள். அப்பழுக்கில்லாத மோகனம் வரும். ஒரு வெள்ளையும் தேவைப்படாது. அதே ஐந்து கறுப்பில் இரண்டாவதை ஸட்ஜமமாக நினைத்துக் கேட்டால் மத்யமாவதி, மூன்றாவதை நினைத்தால் ஹிந்தோளம். சிலப்பதிகார காலத்துத் தமிழர் குரல் திரிந்து பண் மாறுவதாகச் சொன்னது இந்த வித்தையைத்தான்.

ஆனால் ஒன்று. ஸட்ஜமத்தை ஒருதரம் தேர்ந்தெடுத்துத் தம்புராவை மீட்டிவிட்டால் அப்புறம் சலுகை இல்லை. எனக்கு மேலே எட்டவில்லை, இந்த வரிக்கு மட்டும் சுருதியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன் என்று எந்த வித்வானும் சொல்ல முடியாது. தேர்வு செய்கிற சுதந்திரம் பாட ஆரம்பிக்கும்வரைதான்.

புள்ளிவிவரக்காரர்கள் இதை ‘அடிப்படை ஆண்டு’ என்பார்கள். 2015 ஜனவரியில் மத்திய அரசு அடிப்படை ஆண்டை 2004-05-இலிருந்து 2011-12-க்கு மாற்றி, கணக்கிடும் முறையையும் திருத்தியது. 2013-14-இன் வளர்ச்சி 4.7 சதவிகிதத்திலிருந்து 6.9 ஆயிற்று. அந்த வருஷத்தில் உழுதவரும் விற்றவரும் அதே ஆட்கள்தான். அடிப்படையை மாற்றுவது தப்பில்லை, அவ்வப்போது மாற்றத்தான் வேண்டும். மாற்றினேன் என்று சொல்லிவிட்டு, எல்லா வருஷத்துக்கும் ஒரே அளவுகோலைப் பிடிக்கவேண்டும். அதுதான் கணக்கு நேர்மை.

நம் வீடுகளில் இந்த நேர்மை இருக்கிறதா, பாருங்கள். பெண் பார்க்கப் போகிறார்கள். ‘பொண்ணு வேலைக்குப் போகட்டும். இந்தக் காலத்துல அதெல்லாம் சகஜம்தானே’ என்கிறார்கள். ரொம்ப சந்தோஷம். கல்யாணம் முடிந்து ஆறாவது மாதம், ‘சமையல் பொம்பளை பாக்குறதுதானே நம்ம வழக்கம்?’ சம்பளக் கவருக்கு இந்தக் காலம் ஸட்ஜமம், சட்டி பானைக்குத் தாத்தா காலம் ஸட்ஜமம்! ‘நாங்க சாதியெல்லாம் பாக்குறதில்லை’ என்பவரின் சுருதி, மகளின் செல்போனில் ஒரு பெயரைப் பார்த்ததும் எத்தனை கட்டை இறங்குகிறது என்று பாருங்கள். அடுத்த வீட்டுப் பையன் கோபப்பட்டால் திமிர், நம் பையன் கோபப்பட்டால் ரோஷம். இந்த ஷார்ப், ஃப்ளாட் எல்லாம் யார் பாடுவதிலும் இல்லை. பாடிக்கொண்டிருக்கும்போதே சுருதிப் பெட்டியைத் திருகுகிற கையில் இருக்கிறது. வெளியே யாருக்கும் தெரியாமல் திருகலாம் என்பதுதான் இந்தக் கையின் பலம். தன் காதையும் ஏமாற்றிவிடும்.

அதனால் அபஸ்வரம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், சுருதி பிடிக்கிறவரைப் பார்க்கவேண்டியிருக்கிறது. அவரை நாம் பார்ப்பதே இல்லை.

பழைய நாகஸ்வர கோஷ்டிகளில் அதற்கென்றே ஒருவர் இருந்தார். ஒத்து ஊதுகிறவர். கையில் நாகஸ்வரம் மாதிரியே நீளமான குழல், ஆனால் அவர் வாசிக்க ராகம் இல்லை, கீர்த்தனை இல்லை, தனி இல்லை. ஸ்வாமி புறப்பாடு நான்கு வீதி சுற்றி வருகிறவரை ஒரே ஒரு ஸட்ஜமம். மூச்சு விடுகிற இடம் தெரியாமல், கன்னத்தில் காற்றைத் தேக்கி, இழையறாமல் ஊதவேண்டும். பெரிய வித்வான் எவ்வளவு உயரம் பறந்தாலும் இறங்குவதற்கான இடத்தை அவர் தன் மூச்சால் பிடித்து வைத்திருந்தார். சன்மானத்தில் அவர் பங்கு கடைசிப் பங்கு. தமிழில் ‘ஒத்து ஊதுகிறான்’ என்று யாரைச் சொல்கிறோம்? சொந்தமாக நியாயம் பேசத் துப்பில்லாமல் பெரிய இடத்துக்குத் தலையாட்டுகிறவனை. குழலை ஊதியவரோ கோஷ்டியில் யாருக்காகவும் அசையாத ஒரே ஆள்.

இப்போது பெரும்பாலும் அந்த வேலையை மின்சார சுருதிப் பெட்டி பார்க்கிறது. அதற்குக் கன்னம் வலிப்பதில்லை. யார் வேண்டுமானாலும் திருகிக்கொள்ளலாம்.